முப்பத்தெட்டு எம்பி பாட்டு

எங்கள் கம்பெனியின் பொது மேலாளருக்குச் சங்கீதம் தெரியும் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். வாரம் ஒருமுறையாவது அவரே அதைச் சொல்லிவிடுவார். டிசம்பர் வந்தால் பத்து நாள் லீவு போட்டுவிட்டுச் சென்னைக்குக் கச்சேரி கேட்கப் போவார். திரும்பி வந்ததும், வேலை எவ்வளவு பின்தங்கியிருக்கிறது என்று பேசவேண்டிய மீட்டிங்கில், யாருடைய பைரவி எப்படி இருந்தது என்று கால் மணி நேரம் பேசுவார். நாங்கள் வெல்டிங் ராடு தீர்ந்துபோன கவலையோடு தலையாட்டுவோம். "எம்பி3 எல்லாம் நான் காதுல வாங்கறதே இல்லை" என்பது அவர் அடிக்கடி சொல்லும் வாக்கியம். சொல்லும்போது மூக்கைச் சுளிப்பார், யாரோ ஊசிப்போன சாம்பாரை முன்னால் கொண்டுவந்து வைத்தது போல.

துவாக்குடியில் இருக்கிறது அந்தக் கம்பெனி. பெரிய ஆலைகளுக்கு வேண்டிய இரும்புப் பாகங்களை வளைத்து, வெட்டி, ஒட்டிக் கொடுக்கிற வேலை. நான் பணியாளர் பிரிவில் இருந்தேன். ஸ்ரீரங்கத்திலிருந்து சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்கு ஒரு பஸ், அங்கிருந்து துவாக்குடிக்கு ஒரு பஸ், பதினாறு வருஷமாக. பணியாளர் பிரிவு என்றால் பணியாளர்களுக்கான பிரிவு என்று வெளியே நினைத்துக்கொள்வார்கள். உள்ளே அது மேலாளர் சொல்வதற்கு "ஆமா சார்" சொல்கிற பிரிவு. அதில் நான் சீனியர்.

மூன்று வருஷத்துக்கு முன்னால், பாதுகாப்பு வாரம் வருவதற்கு ஒரு மாதம் இருக்கும்போது, பொது மேலாளருக்கு ஒரு யோசனை வந்தது. வழக்கமாக நாங்கள் பேனர் கட்டுவோம், உறுதிமொழி எடுப்போம், எல்லோருக்கும் ஒரு லட்டு கொடுப்போம். இந்த முறை ஒரு பாட்டு வேண்டும் என்றார். தொழிலாளர்களே எழுதி, தொழிலாளர்களே பாட வேண்டும். தினமும் காலை எட்டு மணிக்கு ஷிப்ட் தொடங்கும்போது எல்லா ஸ்பீக்கரிலும் ஒலிக்க வேண்டும். "மியூசிக் கேட்டு வேலை செய்யறவன் கைய வெட்டிக்க மாட்டான்" என்றார். எந்த மிஷினிலும் அவர் கை வைத்ததில்லை.

நோட்டீஸ் ஒட்டினோம். நாலு பேர் எழுதிக் கொடுத்தார்கள். மூன்று, ஹெல்மெட்டைத் தெய்வமாக்கிய பாட்டுகள். நாலாவதைக் கொடுத்தது ஸ்டோர்ஸில் இருந்த அம்மா.

அவரைப் பற்றிச் சொல்லவேண்டும். என் வயதுதான், நாற்பத்தைந்து இருக்கும். லால்குடி பக்கத்து விவசாயக் குடும்பம். முன்பு இரும்புத் தகட்டை மிஷினால் அழுத்தி வெட்டுகிற பிரஸ் ஷாப்பில் இருந்தார். ஒருநாள் அனுப்பவேண்டிய சரக்குக்கு நேரமாகிவிட்டது என்று சூப்பர்வைசர் விரட்டியதில், கை உள்ளே போகாமல் காக்கிற பிரஸ்ஸின் தடுப்பைக் கழற்றிவிட்டு ஓட்டினார்கள். வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் பாதியோடு போயின. கம்பெனி அவரை ஸ்டோர்ஸுக்கு மாற்றியது. என்ன வேலை என்றால், ஜன்னலில் உட்கார்ந்து மற்றவர்களுக்குக் கையுறை எடுத்துக் கொடுக்கிற வேலை. இதை ஒரு கருணைச் செயலாக எங்கள் ஆண்டறிக்கையில் தட்டச்சு செய்தவள் நான்.

அவருடைய பாட்டு நாற்று நடும்போது பாடுகிற மெட்டில் இருந்தது. நாலு சரணம். முதல் சரணம் கையுறை, இரண்டாவது கண்ணாடி. மூன்றாவதில் இப்படி ஒரு வரி வந்தது:

"அவசரம் உங்களுது, விரலு எங்களுது."

படித்ததும் நான் அவரைப் பார்த்தேன். அவரும் என்னைப் பார்த்தார்.

"இருக்கட்டுங்களா மேடம்?"

"நான் எதுவும் சொல்லலைங்க. மேல அனுப்பறேன். கையெழுத்துப் போட்டா சரி" என்றேன்.

பொது மேலாளர் பச்சை மையில் கையெழுத்துப் போட்டார். முதல் பக்கத்தை மட்டும் படித்துவிட்டு, தாளைத் திருப்பி அடியில் போட்டுவிட்டார் போலிருக்கிறது. மூன்றாவது சரணம் பின்பக்கத்தில் இருந்தது.

ரெக்கார்ட் செய்யும் வேலையும் எனக்கே வந்தது. அதற்கு ஒரு காரணம் உண்டு. ஸ்ரீரங்கத்தில் எங்கள் தெருப் பெண்கள் மார்கழியில் கூடிப் பாசுரம் சேவிப்பார்கள். அதைப் பதிவு செய்து அவரவர் வசதிக்கு மாற்றிக் கொடுக்கிறவள் நான். ஒருத்தியிடம் புது போன், ஒருத்தியிடம் பட்டன் போன், இன்னொருத்திக்குக் காரில் போட வேண்டும். ஒவ்வொன்றும் ஒவ்வொரு வகை ஃபைலைத்தான் தின்னும். அதற்காகவே ஒரு ரெக்கார்டர் வாங்கி, யாரிடமும் கேட்காமல் தட்டித் தடவிக் கற்றுக்கொண்டேன். கற்றது பெரிய சூத்திரம் ஒன்றுமில்லை. பெரிய ஃபைலைச் சின்னதாக்கினால் உள்ளே இருப்பதில் கொஞ்சத்தைத் தூக்கி எறிகிறோம். அளவாக எறிந்தால் காதுக்குத் தெரியாது. ஆனால் எறிந்தது எறிந்ததுதான். அதையே மறுபடி பெரிய ஃபைலாக்கினால் பை பெரிதாகும், சரக்கு பெருகாது. எங்கள் தெருவில் பட்டன் போன் வைத்திருக்கிற மாமிக்குக்கூட இது புரிந்தது.

ஒரு சனிக்கிழமை மத்தியானம், மீட்டிங் ரூமில் ஏசியை நிறுத்தி, ஜன்னலைச் சாத்தி, அந்த அம்மாவைப் பாட வைத்தேன். பக்கத்தில் கேண்டீன்காரர் ஒருவர் மேஜைமேல் விரலால் தாளம் போட்டார். முதலில் சும்மா ஒரு ஹம்மிங், பிறகு பாட்டு. இரண்டு முறை தண்ணீர் குடித்தார். மூன்றாவது முறை பாடியதுதான் நின்றது. அவர் குரல் கனமான குரல், அடியில் கொஞ்சம் மணல் கலந்த மாதிரி இருக்கும். வெயிலில் கூப்பிட்டுப் பழகிய குரல். ஹெட்போனில் கேட்டபோது, விரல் என்கிற சொல்லில் அவர் ஒரு நொடி நிறுத்தி மூச்சு எடுப்பதுகூடத் துல்லியமாகக் கேட்டது. எதையும் தூக்கி எறியாத, முப்பத்தேழு எம்பி வேவ் ஃபைல்.

இனிமேல்தான் எங்கள் கம்பெனி வேலையைக் காட்டியது.

எங்கள் ஆபீஸ் மெயிலில் ஐந்து எம்பிக்கு மேல் போகாது. பென்டிரைவ் செருகவும் அனுமதி கிடையாது. ஆகவே நான் அதை நல்ல தரத்தில், நாலு எம்பி எம்பி3 ஆக மாற்றிப் பாதுகாப்பு அதிகாரிக்கு அனுப்பினேன். பொது மேலாளர் அப்போது சென்னையில் இருந்தார். அவருக்கு இவர் அனுப்பவேண்டும். மெயிலில் வந்ததை வாட்ஸாப்பில் எப்படி அனுப்புவது என்று பாதுகாப்பு அதிகாரிக்குத் தெரியவில்லை. கேட்டிருக்கலாம். கேட்டால் தெரியாது என்று தெரிந்துவிடுமே. ஆகவே தன் கம்ப்யூட்டரில் பாட்டைப் போட்டுவிட்டு, அதன் ஓட்டை ஸ்பீக்கர் முன்னால் போனைப் பிடித்து, வாய்ஸ் மெசேஜாகப் பதிவு செய்து அனுப்பினார். தலைக்கு மேல் மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. ஆரம்பத்தில் ஒருமுறை இருமினார்.

சென்னையில் அதைக் கேட்ட பொது மேலாளர் இப்படிப் பதில் போட்டாராம்: "நல்லா இருக்கு. ஆனா இது எம்பி3. எனக்கு வேவ் ஃபார்மட்ல வேணும். குவாலிட்டில காம்ப்ரமைஸ் கூடாது."

என்னைக் கேட்டிருந்தால் முப்பத்தேழு எம்பியைத் தட்டில் வைத்துக் கொடுத்திருப்பேன். யாரும் கேட்கவில்லை. பாதுகாப்பு அதிகாரி அந்த வாய்ஸ் மெசேஜை எங்கள் ஐடி பொறுப்பாளருக்குத் தள்ளிவிட்டு, "வேவ் ஆக்கிக் குடுங்க" என்றார். ஐடி பொறுப்பாளர் கழுத்தில் இரண்டு அடையாள அட்டை மாட்டிக்கொண்டு திரிகிறவர். ஏதோ ஒரு இலவச இணையதளத்தில் ஏற்றி, ஒரு பொத்தானை அழுத்தி, வேவ் ஆக்கினார். அரை எம்பிகூட இல்லாத வாய்ஸ் மெசேஜ், முப்பத்தெட்டு எம்பியாக வீங்கி வெளியே வந்தது. பிறகு, ஸ்பீக்கருக்கான ஆம்ப்ளிஃபயரில் வேவ் ஓடாது, எம்பி3 தான் ஓடும் என்று தெரிந்ததும், அதையே மறுபடி மிகச் சின்ன எம்பி3 ஆக்கினார். இத்தனையும் எனக்குத் தெரிந்தது, பாட்டை அப்ரூவ் பண்ணக் கூடிய பாதுகாப்புக் கமிட்டி மீட்டிங்கில்தான்.

மீட்டிங்கில் முப்பத்தெட்டு எம்பியைப் போட்டார்கள். முதலில் இருமல். பிறகு மின்விசிறி. அதற்குள் எங்கோ தண்ணீர் கேனுக்குள் தலையை விட்டுக்கொண்டு ஒரு பெண் முனகுவது போல ஹம்மிங். பத்து நொடி ஓடியதும் பொது மேலாளர் கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னார். கண்ணை மூடியிருந்தார்.

"பாத்தீங்களா? வேவ்ல ஒரு டெப்த் இருக்கு. எம்பி3ல இது வராது."

நான் வாயைத் திறந்தேன். "சார், இது நான் குடுத்த ஃபைல் இல்லைங்க. என்கிட்ட ஒரிஜினல் இருக்கு."

"உங்க ஒரிஜினல் எவ்வளவும்மா?"

"முப்பத்தேழு எம்பி சார்."

பொது மேலாளர் ஐடி பொறுப்பாளரைப் பார்த்தார். அவர் திரையைப் பார்த்துவிட்டு, "இது முப்பத்தெட்டு சார்" என்றார்.

"அப்புறம் என்ன? உங்களோடதைவிட ஒரு எம்பி ஜாஸ்தியாவே இருக்கே."

அந்த ஒரு எம்பி பாதுகாப்பு அதிகாரியின் இருமல். இதை நான் அங்கேயே சொல்லியிருக்கலாம். எதிரில் ஏழு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஏழு பேரும் தலையாட்டினார்கள். நானும், இத்தனை தெரிந்த நானும், "ஆமா சார்" என்றேன். அவர்களை மட்டும் ஏளனம் செய்து எழுதிவிட்டுப் போனால் அது யோக்கியமாக இருக்காது. அவர்களுக்குக் காது இல்லை. எனக்குக் காது இருந்தது, வாய்தான் இல்லை.

பாதுகாப்பு வாரத்தின் முதல் நாள், காலை எட்டு மணி. எல்லா ஸ்பீக்கரிலும் பாட்டு ஒலித்தது. ஸ்டோர்ஸ் ஜன்னலுக்கு வெளியே அந்த அம்மா நல்ல புடவை கட்டி நின்றிருந்தார். நான் பக்கத்தில் போய் நின்றேன். வேறெங்கும் போக முடியவில்லை.

அரை நிமிஷம் கேட்டார்.

"யாருங்க மேடம் இது பாடறது?"

"நீங்கதாங்க."

அவர் முதலில் சிரித்துவிட்டார். ஒரு சொல்கூட விளங்கவில்லை. கையுறையும் கண்ணாடியும் ஒரே கொழகொழப்பாக ஓடின. வெல்டிங் பக்கம் நாலைந்து பேர் மூக்கைப் பிடித்துக்கொண்டு அதே மாதிரி பாடிக் காட்டினார்கள். அப்போது அவர் சிரிப்பு நின்றது.

"நீங்கதானே மேடம் பதிவு பண்ணீங்க?" என்றார்.

கோபம் இல்லை அந்தக் குரலில். அதுதான் கஷ்டமாக இருந்தது. நான் விளக்கம் சொல்ல ஆரம்பித்தேன். வேவ், எம்பி3, வாய்ஸ் மெசேஜ். பாதியிலேயே அவர் உள்ளே போய் ஜன்னலைச் சாத்திக்கொண்டார். இரண்டாம் நாள் அவர் கையுறை எடுத்து நீட்டும்போது ஒருவன் மூக்கால் பாடிக்கொண்டே வாங்கிப் போனதை நான் பார்த்தேன்.

அன்று மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் ஸ்டோர்ஸ் ஜன்னலைத் தட்டினேன். என் போனில் இருந்த ஒரிஜினலைப் போட்டு, ஹெட்போனை அவரிடம் கொடுத்தேன். நின்றபடியே முழுவதையும் கேட்டார். கழற்றித் திருப்பிக் கொடுத்தார்.

"இது நான்தான்" என்றார்.

"ஆமாங்க."

"எனக்குப் போட்டுக் காட்டி என்னாகப் போகுது? நானு என்ன பாடுனேன்னு எனக்குத் தெரியும்ங்க. தெரியாதவங்க அங்க இருக்காங்க" என்று ஷெட் பக்கம் கையைக் காட்டினார். பாதி விரல்களால் காட்டினார்.

ஆபீஸுக்குத் திரும்பி ஐடி பொறுப்பாளரிடம் போய், ஃபைலை மாற்றிவிடலாமா என்று கேட்டேன்.

"அப்ரூவ் ஆன ஃபைல் மேடம். மாத்தணும்னா மறுபடி கமிட்டி கூடணும்."

"கமிட்டி அப்ரூவ் பண்ணது எதை? பாட்டையா, ஃபைலையா?"

"ஃபைல் பேரை" என்றார். அவர் கிண்டல் செய்யவில்லை. மினிட்ஸில் நிஜமாகவே ஃபைலின் பெயரைத்தான் எழுதியிருந்தார்கள்.

அந்த ஒரு பதிலுக்காக இன்றுவரை அவருக்கு நன்றி சொல்கிறேன். அன்று மாலை வீட்டுக்குப் போனதும், ஒரிஜினலிலிருந்து ஆம்ப்ளிஃபயர் ஏற்றுக்கொள்கிற மாதிரி ஒரு நல்ல எம்பி3 செய்தேன். குரலின் கீழ்ப்பகுதி போய்விடாமல் மூன்று விதமாக மாற்றிப் பார்த்து, சமையலறையில் மிக்ஸி ஓடும்போது எது தெளிவாகக் கேட்கிறதோ அதை வைத்துக்கொண்டேன். ஷெட்டில் அதைவிடப் பெரிய இரைச்சல் இருக்குமே. பிறகு அதற்கு அப்ரூவ் ஆன பெயரை, ஒரு எழுத்துப் பிசகாமல் வைத்தேன்.

மூன்றாம் நாள் காலை, முதல் பஸ்ஸைப் பிடித்து ஏழேகாலுக்கே போய்விட்டேன். ஆம்ப்ளிஃபயர், வருகை பதிகிற டைம் ஆபீஸில் இருந்தது. பணியாளர் பிரிவு என்பதால் சாவி என்னிடமே உண்டு. அதில் செருகியிருந்த பென்டிரைவை எடுத்து என்னுடையதைச் செருகினேன். இவ்வளவுதான் என் வாழ்க்கையில் நான் செய்த புரட்சி.

எட்டு மணிக்கு ஹம்மிங் எழுந்தது. உடனே எல்லோருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. முதல் சரணத்தில் யாரோ "ஏய், சும்மா இருங்கப்பா" என்றார்கள். இரண்டாவது சரணத்தில் கிரைண்டிங் சத்தம் ஒவ்வொன்றாக நின்றது. பொது மேலாளரின் கார் அப்போதுதான் கேட்டுக்குள் வந்தது. அவர் கதவைத் திறந்து ஒரு காலைக் கீழே வைக்கும்போது மூன்றாவது சரணம் வந்தது.

அவசரம் உங்களுது, விரலு எங்களுது.

பிரஸ் ஷாப்பிலிருந்து ஒருவர் இரும்புக் கம்பியால் தூணில் ஒரு தட்டுத் தட்டினார். ஒரே ஒரு தட்டு. மற்றபடி சத்தமில்லை. பாட்டு முடிந்து மிஷின்கள் ஓட ஆரம்பிக்க வழக்கத்தைவிட அதிக நேரம் ஆனது.

பத்து மணிக்குக் கமிட்டி கூடியது. பொது மேலாளர் முகம் சிவந்திருந்தது.

"அந்த வரி எப்போ வந்துச்சு? யாரு சேர்த்தது?"

பாதுகாப்பு அதிகாரி கோப்பைப் பிரித்து, தாளைத் திருப்பி, பின்பக்கத்தைக் காட்டினார். வரி அங்கே இருந்தது. கீழே பச்சை மைக் கையெழுத்து இருந்தது. அதைப் பார்த்த பொது மேலாளர் சொன்னார்:

"நான் கேக்கறப்ப இவ்வளவு தெளிவா இல்லையே."

"அது வேவ் சார். டெப்த் ஜாஸ்தி. இது வெறும் எம்பி3" என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை. ஐடி பொறுப்பாளர் மட்டும் ஃபைல் பெயரைச் சரிபார்த்து, "அதே ஃபைல்தான் சார்" என்று சத்தியம் செய்தார். இவர் எப்படித்தான் இத்தனை நாள் சம்பளம் வாங்கினார் என்று நினைத்துக்கொண்டே, "இல்ல சார், நான்தான் மாத்தினேன்" என்றேன். "அந்தம்மா பாடினது இதுதான். ரெண்டு நாளா ஓடினது நம்ம ஆபீஸ் பாடினது."

அதற்குப் பிறகு என்னென்ன சொன்னார்கள் என்று எழுத ஒன்றுமில்லை. ஒழுங்கு, நடைமுறை, நம்பிக்கை. கையை வெட்டுகிற மிஷினின் தடுப்பைக் கழற்றிய நாளில் இந்தச் சொற்களெல்லாம் எங்கே போயிருந்தன என்று தெரியவில்லை. பாட்டை நிறுத்தினால் தொழிலாளர்கள் கேள்வி கேட்பார்கள், ஓடவிட்டால் வரி கேட்கும். ஒரு மணி நேரம் யோசித்து, சங்கீதம் தெரிந்த பொது மேலாளர் ஒரு முடிவுக்கு வந்தார். மீதி நாட்களுக்கு ஹம்மிங் மட்டும் போதும், சொற்கள் வேண்டாம். அந்த ஹம்மிங்கை வெட்டிக் கொடுக்கும்படி எனக்கே உத்தரவு வந்தது. வெட்டிக் கொடுத்தேன். மூன்று நாள் ஷெட் முழுக்க ஹம்மிங் ஓடியது. சொற்களை ஷெட்டில் இருந்தவர்களே போட்டுக்கொண்டார்கள்.

எனக்கு விளக்கம் கேட்டு மெமோ வந்தது. ஒலித் தரத்தை மேம்படுத்தினேன் என்று ஒரே வரியில் பதில் எழுதினேன். அடுத்த மாதம் என்னைச் சரக்கு அனுப்பும் பிரிவுக்கு மாற்றினார்கள். தண்டனை என்று நினைத்து மாற்றினார்கள். அங்கே லாரி டிரைவர்களோடு பேசவேண்டும், வெயிலில் நிற்கவேண்டும், யாருக்கும் "ஆமா சார்" சொல்லவேண்டியதில்லை.

மாற்றல் கிடைத்த வாரத்தில் ஒரு மாலை, துவாக்குடி பஸ் நிறுத்தத்தில் அந்த அம்மா என்னிடம் வந்தார். பாட்டு எல்லார் போனிலும் ஏறிவிட்டது என்றார். பிரஸ் ஷாப்பில் தடுப்பை மறுபடி மாட்டிவிட்டார்கள் என்றும், எத்தனை நாளைக்கு என்று தெரியாது என்றும் சொன்னார். பிறகு தன் போனை நீட்டினார்.

"அந்த மட்டமான பாட்டும் எனக்கு வேணும் மேடம். ஏத்திக் குடுங்க."

"அது எதுக்குங்க?"

"எங்க அக்காகிட்ட போட்டுக் காட்டணும். படிச்சவங்கன்னா அவளுக்கு ரொம்ப மரியாதை."

ஐடி பொறுப்பாளரிடம் அப்போதே கேட்டு வாங்கி வைத்தது என் போனில் இருந்தது. முப்பத்தெட்டு எம்பியையும் அப்படியே, எதுவும் குறைக்காமல், அவருக்கு அனுப்பினேன். பஸ் வரும்வரை அது ஏறிக்கொண்டிருந்தது.